அனுமதிப்பத்திரம் பொலிஸில், தாள் கையில்: கொழும்பில் தண்டப்பணச் சிக்கல்களை அவிழ்க்கும் வழி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் இன்னமும் ‘கொமியூனிகேஷன்’ என்றுதான் இருக்கிறது. வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு வாங்கிய காலத்துப் பெயர். இப்போது பிரதி, தட்டச்சு, படிவம் நிரப்புவது, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது. இந்தக் கடைசி வேலையில் பாதிக்கு மேல் போக்குவரத்துப் பொலிஸார் கொடுத்த தாள்கள். சிங்களத்தில் ‘தட கொலே’ என்பார்கள். தமிழர்களும் அந்தச் சொல்லோடுதான் படியேறுவார்கள்: “அண்ணா, ஒரு தட கொலே இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் இத்தனை வருடம் இந்தத் தாள்களைப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. தண்டப்பணம் கட்டி நொந்தவர்களைவிட, தாளை மடித்துப் பணப்பைக்குள் வைத்துவிட்டு மறந்தவர்களே அதிகம் நொந்திருக்கிறார்கள். 1000 ரூபாயோடு தபால் நிலையத்தில் முடிந்திருக்க வேண்டிய சங்கதிக்காகப் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் காலை முதல் மாலை வரை நின்றவர்களை எனக்குத் தெரியும். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

கையிலிருப்பது என்ன தாள்?

பதற்றத்தில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. வீதியில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, குற்றத்தையும் தொகையையும் எழுதிக் கொடுத்தது என்றால் அது உடனடித் தண்டப்பணப் பத்திரம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிறிய குற்றங்களுக்கு நீதிமன்றம் போகாமல் காசு கட்டி முடித்துக்கொள்ளும் வசதி அது. நான் ‘வசதி’ என்று சொல்லும்போது வாடிக்கையாளர்கள் முறைப்பார்கள். நீதிமன்றம் ஒருமுறை போய் வந்தவர்கள் முறைப்பதில்லை.

தொகை எதுவும் எழுதாமல், ஒரு நீதிமன்றத்தின் பெயரும் திகதியும் மட்டும் இருந்தால் அது வேறு. அதற்குத் தபால் நிலையத்தில் காசு கட்ட முடியாது. வீட்டுக்கு வந்த கடிதம் என்றால், பெரும்பாலும் கமராவில் பதிவான குற்றம். கண்ணாடித் துடைப்பானுக்குள் செருகியிருந்த சிறிய சீட்டு என்றால், அது வாகனத் தரிப்பிடக் கட்டணமாகவும் இருக்கலாம். இந்த நான்கையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு இருவராவது இருப்பார்கள். போன மாதம் ஒரு பெரியவர் தரிப்பிடக் கட்டணச் சீட்டைத் தபால் நிலையத்தில் நீட்டி, அங்கே ஏச்சு வாங்கி, அந்தக் கோபத்தை என் கடையில் வந்து இறக்கினார்.

அறிகுறி: தாள் கிடைத்து இன்னும் 14 நாள் ஆகவில்லை

இதுதான் நல்ல நிலைமை. பத்திரம் கொடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எழுதிய தொகையைக் கட்டினால் போதும். அந்த 14 நாட்களுக்கும் அந்தத் தாளே உங்களுடைய தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம். ஆகவே அதை வீட்டு அலுமாரியில் பத்திரப்படுத்திவிட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அடுத்த சந்தியில் மறித்தால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இராது.

தாளை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போங்கள், காசைக் கட்டுங்கள், பற்றுச்சீட்டை வாங்குங்கள். பிறகு அந்தப் பற்றுச்சீட்டோடு, தாளில் எழுதியிருக்கும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். ‘எழுதியிருக்கும் பொலிஸ் நிலையம்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பம்பலப்பிட்டியில் மறித்தார்கள் என்பதற்காக அனுமதிப்பத்திரம் பம்பலப்பிட்டிப் பொலிஸில் இருக்கும் என்று எண்ணி அலைந்தவர்கள் உண்டு. மறித்தவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதுதான் கணக்கு. பற்றுச்சீட்டைப் பொலிஸில் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரன் சொல்கிறான் என்று சிரிக்க வேண்டாம். கட்டியதற்கு உங்களிடம் மிஞ்சும் ஒரே சான்று அதுதான்.

14 நாள் என்றதும் பதின்மூன்றாம் நாள் மாலை கிளம்பும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. ஞாயிறு வரும், போயா வரும், சில வேளை தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தமும் வரும். முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

தபால் நிலையம் போகாமலும் கட்டலாம். அரசாங்கத்துக்கான கொடுப்பனவுகளை இணையவழியில் செலுத்தும் ‘கவ்பே’ முறை 2025 பெப்ரவரியில் தொடங்கியது. அதே வருடத்தில் போக்குவரத்துத் தண்டப்பணமும் அதற்குள் வந்தது. வங்கிச் செயலியில் கவ்பேயைத் திறந்து, பொலிஸ் தண்டப்பணம் என்பதைத் தெரிந்து, தாளிலுள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும். வீதியோரத்திலேயே கட்டினால், கட்டிய செய்தி உத்தியோகத்தருக்குக் கிடைத்ததும் அனுமதிப்பத்திரத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். பொலிஸ் நிலையத்துக்கான அலைச்சல் மிச்சம். கைபேசியில் வங்கிச் செயலி இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எனக்குப் பிரதிக் காசு குறையும், பரவாயில்லை.

இலக்கங்களை உள்ளிடும்போது நிதானம் தேவை. கையால் எழுதிய 1ம் 7ம் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகமிருந்தால் தாளைக் கொடுத்தவரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள்; வீட்டுக்கு வந்த பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

அறிகுறி: 14 நாள் தாண்டிவிட்டது

அடுத்த 14 நாட்களுக்குள் இரட்டிப்புத் தொகை. 1000 ரூபா என்றால் 2000. அதைக் கட்டினால் வழக்கு இல்லை. ஆனால் தாளின் தற்காலிக அனுமதி முதல் 14 நாட்களோடு முடிந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். இந்த இடைக்காலத்தில் வாகனம் ஓட்டி மறுபடி அகப்பட்டால் கதை நீளும். பஸ்ஸில் போங்கள்.

அறிகுறி: 28 நாளும் போய்விட்டது

இனித் தபால் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. கொழும்பு நகருக்குள் என்றால் பலருக்கும் புதுக்கடைதான். குற்றம் நடந்த இடத்தைப் பொறுத்து மாளிகாகந்த, கோட்டை, கல்கிசை என்று மாறும். முதலில் தாளைக் கொடுத்த பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய், வழக்கு எந்த நீதிமன்றத்தில், எந்தத் திகதியில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “அவர்களே அறிவிப்பார்கள்” என்று காத்திருந்த ஒருவருக்கு வந்தது பிடியாணை. அழைப்பாணை பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருந்தது.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்பதுதான் எல்லோருடைய பயமும். காலை எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள். சட்டை அணிந்து, நீளக் காற்சட்டையோடு போங்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெயரைச் சிங்கள நாக்கு எப்படி வளைக்கும் என்பதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். தனபாலசிங்கம் என்ற ஒருவர் தன் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் அது வேறு யாரோ என்று உட்கார்ந்திருந்தார். முன்னே போனதும் குற்றத்தை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர்; நீதிமன்றத் தமிழில் நிலைத்துவிட்ட சொல். சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும். எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்து, தெளிவாகச் சொல்லுங்கள்.

குற்றவாளி என்று ஏற்றுக்கொண்டால் நீதவான் தண்டத்தை அறிவிப்பார். அன்றே கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளலாம். சுற்றவாளி என்றால் வேறு திகதி கொடுத்து விசாரணைக்கு எடுப்பார்கள்.

அறிகுறி: தொகை கூடுதலாகத் தெரிகிறது

உடனடித் தண்டப்பணம் அறவிடக்கூடிய 33 குற்றங்களின் திருத்திய பட்டியல் 2018 ஜூலை 15இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மிகக் குறைந்த தொகை 500 ரூபா. தலைக்கவசம் இல்லையென்றால் 1000. ஆசனப்பட்டி இல்லையென்றால் 1000. தவறான இடத்தில் நிறுத்தினால் 1000. அனுமதிப்பத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் 1000. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைக் காட்ட முடியாவிட்டால் 1000. வீதி விதிகளை மீறினால் 2000.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த இரு வரிகள் உண்டு. சமிக்ஞை விளக்கை மீறினால் 1000. பொலிஸ் உத்தியோகத்தரின் சைகையை மீறினால் 2000. கொழும்பில் அலுவலக நேரத்தில் விளக்கை ஓரங்கட்டிவிட்டு உத்தியோகத்தர் நடுச்சந்தியில் நின்று கையால் வாகனங்களை அனுப்புவதைத் தினமும் பார்க்கிறோம். அப்போது விளக்கு பச்சையாக இருந்தாலும் அவர் கை மறித்தால் நில்லுங்கள். சிவப்பாக இருந்தாலும் அவர் அழைத்தால் போங்கள். “பச்சை விளக்கில்தான் வந்தேன்” என்று வாதாடுகிறவர் 2000 ரூபாக் குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.

வேகம்தான் பட்டியலிலேயே ஏணிபோல ஏறுவது. எல்லையை எத்தனை வீதம் தாண்டினீர்கள் என்பதைப் பொறுத்து நான்கு படிகள்: 20 வீதம் வரை 3000 ரூபா, 20 முதல் 30 வரை 5000, 30 முதல் 50 வரை 10,000, அதற்கு மேல் 15,000. வீதக் கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. நான் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவேன். காருக்கு 50 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 வரை முதற்படி. 65 வரை இரண்டாம் படி. 75 வரை மூன்றாம் படி. 76இல் போனால் 15,000. 74க்கும் 76க்கும் இடையில் 5000 ரூபா தொங்குகிறது. முச்சக்கரவண்டிக்கு எல்லை 40 என்பதால் படிகள் இன்னும் நெருக்கம்: 48, 52, 60. காரோடு சேர்ந்து அதே வேகத்தில் வந்த முச்சக்கரவண்டிக்காரருக்கு ஏன் கூடுதல் தண்டம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

எனவே வேகக் குற்றத்துக்கான தாள் கிடைத்தால், கருவியில் பதிவான வேகம் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். மரியாதையாக, “சேர், வேகம் எவ்வளவு காட்டியது?” என்று கேட்டால் காட்டுவார்கள். அந்த இலக்கத்தைக் கொண்டு படியைச் சரிபார்க்கலாம்.

அறிகுறி: தொகை எழுதவே இல்லை, நீதிமன்றம் என்கிறார்கள்

சில குற்றங்கள் உடனடித் தண்டப்பணத்துக்குள் அடங்காதவை. மது அருந்தி ஓட்டுவது, சாரதி அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓட்டுவது, அனுமதிப்பத்திரம் இல்லாதவரை ஓட்ட வைப்பது, புகையிரதக் கடவையைக் கவனமில்லாமல் கடப்பது ஆகிய நான்குக்கும் நீதிமன்றத்தில் குறைந்தது 25,000 ரூபா. காப்புறுதி இல்லாமல் ஓட்டினாலும் 25,000இல் தொடங்கி 50,000 வரை போகும். இந்த 25,000 ரூபா யோசனை 2016 இறுதியில் வந்தபோது தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கு நினைவிருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான பிரிகோடு இருக்கிறது. அனுமதிப்பத்திரம் ‘இல்லாமல்’ ஓட்டுவது வேறு, ‘எடுத்துவராமல்’ ஓட்டுவது வேறு. முன்னதற்கு நீதிமன்றமும் 25,000மும், பின்னதற்கு 1000. மறித்த இடத்தில் பதற்றத்தில் “லைசன் இல்லை சேர்” என்று சொல்லிவிடுகிறோம். “லைசன் இருக்கிறது, வீட்டில் வைத்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். கைபேசியில் அதன் படம் இருந்தால் காட்டுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் இல்லாதவர் அல்லர் என்பதற்கு அது ஒரு சாட்சி. காப்புறுதிக்கும் இதே கதைதான்: காலாவதியானதற்கும் அட்டை கையில் இல்லாததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மது விடயத்தில் ஒரு வார்த்தை. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த எல்லை. “இரண்டு பியர்தான் அண்ணா” என்று கணக்குப் பார்த்து ஓட்டியவர்களின் கணக்கு ஒருபோதும் கருவியின் கணக்கோடு ஒத்துப்போனதில்லை. ‘பலூன்’ ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுப்பது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. அகப்பட்டால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம், சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது. அது பிரதிக் கடையில் கேட்டு முடிக்கிற விடயமில்லை. சட்டத்தரணியிடம் போங்கள்.

அறிகுறி: நான் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை

தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாதாட முடியாது. கட்டினால் விடயம் முடிந்தது. மறுக்க விரும்பினால் கட்டாமல் நீதிமன்றம் போக வேண்டும். அது உங்கள் உரிமை. ஆனால் ஆத்திரத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. கையில் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தெஹிவளைப் பக்கத்தில் மருந்துக்கடைக்கு முன் நிறுத்தியதற்குத் தாள் வாங்கிய ஓர் அக்கா வந்திருந்தார். நிறுத்தத் தடைப் பலகை மரக்கிளைக்குள் முழுக்க மறைந்திருந்தது என்றார். அன்றைக்கே திரும்பிப் போய், சாரதியின் ஆசனத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று படம் எடுக்கச் சொன்னேன். போகவில்லை. நான்கு நாள் கழித்துப் போனபோது கிளை வெட்டப்பட்டிருந்தது, பலகை பளிச்சென்று நின்றது. 1000 ரூபாயைக் கட்டினார்.

வீதியோரக் கடைகளின் கமராப் பதிவு உதவும் என்றால், அதையும் முதல் ஓரிரு நாட்களில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கருவிகள் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். உங்கள் தவணை வரும்வரை வைத்திருக்காது. காரில் முன்கமரா இருந்தால் அன்றிரவே காட்சியைப் பிரதி செய்யுங்கள். கூட இருந்தவர்கள் சாட்சி சொல்ல நீதிமன்றம் வருவார்களா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள். விசாரணை ஒரு நாளில் முடியாது. ஒரு நாள் சம்பளம், பயணம், சட்டத்தரணி என்று கூட்டிப் பார்த்தால் 1000 ரூபாக் குற்றத்துக்கு மல்லுக்கட்டுவது பலருக்குக் கட்டுபடியாகாது. தொழிலே சாரதியாக இருப்பவர்களுக்கும், வேகம் போன்ற பெரிய தொகைக்கும் கணக்கு மாறும். அவர்களிடம் நான் “விடாதீர்கள்” என்றுதான் சொல்வேன்.

அறிகுறி: வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது, யாரும் மறிக்கவில்லை

கொழும்பு நகரில் கமராவைக் கொண்டு போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கும் நடைமுறை 2024 ஜனவரி 22இல் தொடங்கியது. கமரா பார்ப்பது வாகன இலக்கத்தை; கடிதம் போவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவருக்கு. ஓட்டியது மகனா, சாரதியா, இரவல் வாங்கிய மைத்துனரா என்று கமராவுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். திகதியையும் நேரத்தையும் இடத்தையும் பார்த்து, அன்று வாகனம் யாரிடம் இருந்தது என்று முதலில் வீட்டுக்குள் தீர்த்துக்கொண்டு, கடிதத்தில் சொன்ன இடத்துக்கு அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரிய தலைவலி விற்ற வாகனத்தால் வருவது. ‘ஓப்பன் பேப்பர்’ என்று, கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தை மட்டும் கொடுத்து, பெயர் மாற்றாமல் விற்பது நம்மூரில் சாதாரணம். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு. கோட்டையில் யாரோ சிவப்பு விளக்கைத் தாண்ட, கடிதம் வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். அப்படி வந்தால் விற்பனைக் கடிதத்தின் பிரதி, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, பணம் கைமாறிய சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடிதம் அனுப்பிய பொலிஸ் பிரிவுக்கு நேரில் போங்கள். பிறகு நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தை முறையாகப் பதிய வழி செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கடிதமும் உங்களுக்குத்தான். இந்தக் காகிதங்கள் எதுவும் இல்லையென்றால்? வாங்கியவரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடத் தொடங்குங்கள். வேறு வழி இல்லை.

அறிகுறி: சில்லில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்

உடைக்காதீர்கள், வாகனத்தை நகர்த்தவும் முயலாதீர்கள். சில்லும் போகும், அரச உடைமைக்குச் சேதம் என்ற குற்றமும் சேரும். பூட்டிலோ கண்ணாடியிலோ விட்டுச்சென்ற தகவலைப் பார்த்து, பொலிஸாரைத் தொடர்புகொள்ளுங்கள். தரிப்பிடக் கட்டணம் கட்டியிருந்தாலும் அது தண்டத்திலிருந்து காக்காது. கட்டணம் நிறுத்த அனுமதித்த இடத்துக்கு மட்டும்தான். இரட்டை வரிசையாக நிறுத்திவிட்டுக் கட்டணச் சீட்டைக் காட்டி நியாயம் கேட்பதில் பயனில்லை.

அறிகுறி: தாளில் எழுதியிருப்பது விளங்கவில்லை

அச்சிட்ட எழுத்து எதுவானாலும், கையால் நிரப்பியது பெரும்பாலும் சிங்களமாக இருக்கும். குற்றத்துக்கு எதிரே இலக்கம் இருந்தால் அதைக் கொண்டே எது என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு முன், வீதியிலேயே “என்ன குற்றம்?” என்று கேட்டு, சொன்னதை உங்கள் மொழியில் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலர் ஒருவரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் இடம் தருகிறது. நீதிமன்றத்தில் நடப்பது விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பு கேட்பதும் அதே அத்தியாயத்தில் உள்ள உரிமை. அங்கே மொழிபெயர்த்துச் சொல்லும் உத்தியோகத்தரை இன்றும் ‘முதலியார்’ என்றே அழைக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். அரைகுறைச் சிங்களத்தில் “ஹரி, ஹரி” என்று தலையாட்டிவிட்டு, எதை ஏற்றுக்கொண்டோம் என்று வெளியே வந்து பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தவர்கள் உண்டு. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதினால், அது உங்கள் மொழியில் வாசித்துக் காட்டப்படும்வரை கையெழுத்திடாதீர்கள். வீதிக் குற்றத்துக்கு இது அரிதாகத்தான் தேவைப்படும். விபத்து என்றால் கட்டாயம் தேவைப்படும்.

அறிகுறி: “இங்கேயே முடித்துக்கொள்ளலாம்”

வீதியில் பணமாகத் தண்டம் வாங்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தாளை எழுதித் தரும்படி கேளுங்கள். லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம், ஆகவே முதலில் நீங்கள் அந்தப் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். முறையிட வேண்டுமானால் லஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. இடம், நேரம், உத்தியோகத்தரின் இலக்கம் மூன்றும் இருந்தால் முறைப்பாடு நிற்கும்.

அறிகுறி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஓட்டியபோது மறித்தார்கள்

டிசம்பரிலும் ஆகஸ்டிலும் இது எனக்குத் தினசரிச் சங்கதி. கனடாவிலோ இலண்டனிலோ இருபது வருடம் ஓட்டியவர், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வந்து இறங்கியதும் மாமாவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அது மட்டும் இங்கே போதாது. கொழும்பு 3இலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் அதற்கு அங்கீகாரம் பெற வேண்டும், அல்லது இலங்கையின் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்கான கருமபீடம் ஒன்றைத் திறந்தார்கள். இவை எதுவும் இல்லாமல் அகப்பட்டால், மேலே சொன்ன 25,000 ரூபா வகைக்குள் விழும் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல. சாவியைக் கொடுத்த மாமாவுக்கும் உண்டு.

அறிகுறி: தாளே தொலைந்துவிட்டது

மறித்த இடமும் திகதியும் நினைவிருந்தால், அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் தொடங்குங்கள். உங்கள் பெயரையும் வாகன இலக்கத்தையும் கொண்டு அவர்களுடைய பிரதியைத் தேடச் சொல்லலாம். தாள் தொலைந்ததற்கு முறைப்பாடு பதியச் சொன்னால் பதியுங்கள். 14 நாள் கணக்கு தாள் தொலைந்ததற்காக நிற்காது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி, உணவு விநியோகம் செய்கிறவர், நீலக் காற்சட்டையின் பையிலிருந்து தோய்ந்து காய்ந்த காகிதக் கட்டி ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். அம்மா துவைத்துவிட்டார். நீராவி பிடித்து, ஊசியால் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பெயர் போய்விட்டது, தொகை போய்விட்டது. மிஞ்சியது பத்திர இலக்கத்தின் கடைசி மூன்று எழுத்துகளும், ‘பொரளை’ என்று சிங்களத்தில் பாதி முத்திரையும். அதைக் கொண்டு போனார். பொலிஸ் நிலையத்தில் பதிவைத் தேடிக் கொடுத்தார்களாம். பதினொராம் நாள் பற்றுச்சீட்டோடு திரும்பி வந்தவர், அதை இரு பக்கமும் பிரதி எடுக்கச் சொன்னார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பரவாயில்லை, எடுங்கள் என்றார்.